கேள்வி–பதில்: வேதியியல் பட்டப்படிப்பில் என்ன படிக்கிறார்கள்?

கேள்வி: பள்ளியில் வேதியியலை விரும்பிப் படித்தேன். இளநிலைப் பட்டத்துக்கும் அதையே எடுக்க எண்ணுகிறேன். ஆனால் பாடத்திட்டத்தைப் பார்த்தால் கரிம வேதியியல், கனிம வேதியியல், இயற்பிய வேதியியல் என்று பள்ளியில் படித்த அதே தலைப்புகள்தாம் இருக்கின்றன. படித்ததையே மறுபடியும் படிக்க வேண்டியிருக்குமா?
– பள்ளி இறுதி வகுப்பு மாணவி ஒருவர்

பதில்: தலைப்புகள் பெரிதாக மாறுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்தத் தலைப்புகளின்கீழ் எழுப்பப்படும் கேள்விகள் மாறிவிடுகின்றன. நீங்கள் ஏற்கெனவே அறிந்த ஒரு வினையையே எடுத்துக்கொள்வோம். நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து அம்மோனியா உருவாவதைப் பள்ளியிலேயே சமன்படுத்தி எழுதியிருப்பீர்கள். இரும்பு வினையூக்கி, 400 முதல் 500 டிகிரி செல்சியஸ் வெப்பநிலை, ஏறத்தாழ 200 வளிமண்டல அழுத்தம் என்று நிபந்தனைகளையும் மனப்பாடம் செய்திருப்பீர்கள்.

கல்லூரியில் வெப்ப இயக்கவியல் வகுப்புக்குப் போனால், இந்த வினையில் 2 மோல் அம்மோனியா உருவாகும்போது ஏறத்தாழ 92 கிலோஜூல் வெப்பம் வெளிப்படுகிறது என்பதிலிருந்து கணக்கைத் தொடங்குவார்கள். வெப்பத்தை வெளியிடும் வினையாதலால், வெப்பநிலை குறையக் குறையச் சமநிலை அம்மோனியாவின் பக்கம் சாயும். அப்படியானால் அறை வெப்பநிலையிலேயே செய்துவிடலாமே, எதற்காக 400 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும்? அதற்கான விடை வினைவேகவியலில் இருக்கிறது: குறைந்த வெப்பநிலையில் அந்த வினை நடப்பதே தெரியாத அளவுக்கு மெதுவாக நடக்கும். ஏன் அவ்வளவு மெதுவு என்று கேட்டால், நைட்ரஜன் மூலக்கூறின் முப்பிணைப்பை உடைக்க மோலுக்கு 945 கிலோஜூல் அளவுக்கு ஆற்றல் தேவைப்படுகிறது என்று பிணைப்புக் கொள்கையைக் கற்பிக்கும் வகுப்பு சொல்லும். இரும்பின் பரப்பில் அந்தப் பிணைப்பு எப்படித் தளர்ந்து பிரிகிறது என்பது பரப்பு வேதியியல். இத்தகைய ஆய்வுகளுக்காகவே கெர்ஹார்ட் எர்ட்லுக்கு 2007-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஃபிரிட்ஸ் ஹேபர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆய்வகத்தில் நிகழ்த்திக் காட்டிய ஒரு வினையின் படிநிலைகள் முழுவதும் தெளிவாக எத்தனை பத்தாண்டுகள் ஆகியிருக்கின்றன, பாருங்கள்.

ஆகவே பள்ளியில் ஒரே வரியில் முடிந்துபோன சமன்பாடு, பட்டப்படிப்பில் நான்கு வெவ்வேறு தாள்களில் நான்கு முகங்களோடு வரும். மாணவர்களில் பலர் அவற்றைத் தனித்தனிப் பாடங்களாக எண்ணி, ஒன்றின் தேர்வு முடிந்ததும் அதை மறந்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். என்னைக் கேட்டால், இந்தப் படிப்பு கடினமாகத் தோன்றுவதற்கு முதல் காரணமே அதுதான்.

கேள்வி: வேதியியல் படிக்கக் கணிதம் வேண்டுமா? என் மகனுக்குக் கணிதத்தில் அவ்வளவு ஈடுபாடு இல்லை. அதனாலேயே வேதியியலைத் தேர்ந்தெடுக்க விரும்புகிறான்.
– ஒரு தந்தை

பதில்: அந்தக் காரணத்துக்காகத் தேர்ந்தெடுக்கிறார் என்றால், சேருமுன் ஒருமுறை யோசிக்கச் சொல்லுங்கள். கணிதத் துறை மாணவர் படிக்கும் அளவுக்குத் தேவையில்லை. ஆனால் கணிதத்தைத் தவிர்த்துவிட்டு இயற்பிய வேதியியலைப் படிக்க முடியாது. ஒரு பொருள் சிதையும் வேகம் அதன் செறிவுக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது என்று எழுதினாலே அது ஒரு வகைக்கெழுச் சமன்பாடு. அதைத் தொகையிட்டால்தான் செறிவின் மடக்கையை நேரத்துக்கு எதிராக வரையும்போது ஏன் நேர்கோடு கிடைக்கிறது என்பதும், செறிவு பாதியாகக் குறைய ஆகும் அரைவாழ்வுக் காலம் தொடக்கச் செறிவைப் பொறுத்ததல்ல என்பதும் விளங்கும். வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் வினைவேகம் இரட்டிப்பாகும் என்று பள்ளியில் சொல்லித் தருவார்கள். வினைவேகத்தை வெப்பநிலையோடு இணைத்து அர்ஹீனியஸ் 1889-இல் தந்த சமன்பாட்டில் எண்களைப் பொருத்திப் பார்க்கும் மாணவர், கிளர்வு ஆற்றல் (வினை நடக்கத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடை) மோலுக்கு 50 கிலோஜூலை ஒட்டியிருக்கும் வினைகளுக்கு, அதுவும் அறை வெப்பநிலையை ஒட்டித்தான் அந்த விதி பொருந்தும் என்பதைத் தாமே கண்டுகொள்வார்.

குவாண்டம் இயக்கவியலில் இன்னும் சற்றுக் கூடுதலாகத் தேவைப்படும். எலக்ட்ரான்களின் நிலையை விவரிக்க ஷ்ரோடிங்கர் 1926-இல் வெளியிட்ட சமன்பாட்டை ஹைட்ரஜன் அணுவுக்கு முழுமையாகத் தீர்த்துவிடலாம். இரண்டே எலக்ட்ரான்கள் கொண்ட ஹீலியத்துக்குப் போனவுடன் தோராய முறைகளை நாட வேண்டியதாகிவிடுகிறது. அந்தத் தோராயங்களைக் கணினியைக் கொண்டு செய்வதே இன்று ஒரு தனிக் கிளையாக வளர்ந்திருக்கிறது. கணிதத்தில் ஈடுபாடு இல்லாதவர் கரிம வேதியியலில் சிறந்து விளங்குவது உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் பட்டம் பெறுவதற்குக் கரிம வேதியியல், இயற்பிய வேதியியல் இரண்டிலும் தேறியாக வேண்டும்.

கேள்வி: கரிம வேதியியல் என்றாலே நூற்றுக்கணக்கான வினைகளை நெட்டுருப் போடுவதுதான் என்கிறார்கள். உண்மையா?
– முதலாண்டு மாணவர் ஒருவர்

பதில்: நெட்டுருப் போட்டே படிப்பவர்களும் இருக்கிறார்கள், இரண்டாம் ஆண்டின் நடுவில் அவர்கள் திணறத் தொடங்குவார்கள். வினைகளின் எண்ணிக்கை பெரிது. அவற்றை இயக்கும் கருத்துகள் மிகச் சிலவே.

கார்பனைல் தொகுதியைப் பாருங்கள். அங்கே கார்பனும் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்பால் இணைந்திருக்கின்றன. ஆக்சிஜன் எலக்ட்ரான்களைத் தன்பால் இழுத்துக்கொள்வதால் கார்பனிடம் சிறிதளவு நேர்மின் தன்மை ஏற்படுகிறது. எலக்ட்ரான் மிகுந்த எந்தத் துகள் அருகில் வந்தாலும் அந்தக் கார்பனைத் தேடிப் போகும். இந்த ஒன்றை மனத்தில் நிறுத்திக்கொண்டால், கிரிக்னார்டு வினைப்பொருள் (கார்பனோடு மெக்னீசியம் பிணைந்த சேர்மம்) ஆல்டிஹைடுடன் சேர்ந்து ஆல்கஹால் தருவதும், சயனைடு அயனி சேர்ந்து சயனோஹைட்ரின் உருவாவதும், அமீன் சேர்ந்து நீர் நீங்குவதும், ஆல்டால் வினையில் ஒரு மூலக்கூறு தன் இனத்தைச் சேர்ந்த இன்னொன்றையே தாக்குவதும் ஒரே நிகழ்வின் வெவ்வேறு வடிவங்கள் என்று தெரியவரும். குளுக்கோஸ் மூலக்கூறு வளைந்து தன் ஹைட்ராக்சில் தொகுதியாலேயே தன் கார்பனைல் கார்பனைப் பற்றி வளையமாகிக்கொள்வதும் இதே கதைதான். வினைவழிமுறையை எழுதும்போது எலக்ட்ரான் இணை எங்கிருந்து எங்கே போகிறது என்பதை வளைந்த அம்புக்குறியால் காட்டச் சொல்வார்கள். அம்பு எலக்ட்ரானிலிருந்து புறப்பட வேண்டுமே தவிர, நேர்மின்சுமையிலிருந்து புறப்படக் கூடாது. முதலாண்டு விடைத்தாள்களில் மதிப்பெண் குறைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

நினைவில் வைத்தே தீர வேண்டியவையும் உண்டு: வினைப்பொருள்களின் பெயர்கள், எது ஆக்சிஜனேற்றி, எது ஒடுக்கி, எந்தக் கரைப்பானில் எது கரையும் என்பன போன்றவை. கிரிக்னார்டு வினைக்கு உலர்ந்த ஈதர் வேண்டும் என்பதை மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள். நீர் இருந்தால் அந்த வினைப்பொருள் கார்பனைலைத் தேடிப் போகாமல் நீரின் ஹைட்ரஜனைப் பற்றிக்கொண்டு ஹைட்ரோகார்பனாகிவிடும் என்று புரிந்துகொண்டவருக்கு அது தானாகவே நினைவிருக்கும்.

கேள்வி: கனிம வேதியியலில் அணைவுச் சேர்மங்களுக்கு (நடுவிலுள்ள உலோகத்தைச் சுற்றி வேறு மூலக்கூறுகளோ அயனிகளோ பிணைந்தவை) ஏன் இவ்வளவு இடம் தருகிறார்கள்?

பதில்: சோதனையிலிருந்து கட்டமைப்பை ஊகித்தறியும் முறையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பகுதி அரிது என்பதால்தான். கோபால்ட் குளோரைடும் அம்மோனியாவும் சேர்ந்து உருவாகும் சேர்மங்கள் பல. ஒரு கோபால்ட்டுக்கு மூன்று குளோரின் என்ற விகிதம் எல்லாவற்றிலும் ஒன்றே. ஆனால் வெள்ளி நைட்ரேட் கரைசலைச் சேர்த்தால், ஆறு அம்மோனியா கொண்ட மஞ்சள் நிறச் சேர்மத்தில் மூன்று குளோரைடுகளும் வெண்ணிற வீழ்படிவாக இறங்கும். ஐந்து அம்மோனியா கொண்ட ஊதா நிறச் சேர்மத்தில் இரண்டுதான் இறங்கும். நான்கு கொண்டதில் ஒன்றே ஒன்று. இறங்க மறுக்கும் குளோரின்கள் உலோகத்தோடு நேரடியாகப் பிணைந்திருக்கின்றன, உலோகத்தைச் சுற்றி எப்போதும் ஆறு இடங்கள் நிரம்பியிருக்கின்றன என்று ஆல்ஃபிரட் வெர்னர் 1893-இல் முன்வைத்தார். நான்கு அம்மோனியா கொண்ட சேர்மம் பச்சையாகவும் ஊதாவாகவும் இரு வடிவங்களில் கிடைப்பதற்கு ஆறு முனைகள் கொண்ட எண்முகி வடிவத்தைக் கொண்டே விளக்கம் தந்தார். 1913-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எக்ஸ் கதிர் கொண்டு படிகத்துக்குள் பார்க்கும் வழி அவர் இதைச் சொன்ன காலத்தில் இல்லை. இந்த நிறங்கள் ஏன் தோன்றுகின்றன என்பதைப் படிகப்புலக் கொள்கையில் அடுத்துப் படிப்பீர்கள்.

கேள்வி: ஆய்வக வகுப்புகள் வெறும் சடங்கா, உண்மையில் எதையாவது கற்றுத் தருகின்றனவா?
– இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர்

பதில்: விடையை முன்கூட்டியே தெரிந்துகொண்டு குறிப்பேட்டை நிரப்பினால் சடங்குதான். மற்றபடி, இந்தப் பட்டத்தில் நூலிலிருந்து பெற முடியாத பகுதி அது. ஒரு கரைசலின் செறிவை இன்னொன்றோடு வினைப்படுத்தி அளவிடும் தரம்பார்த்தலையே எடுத்துக்கொள்ளுங்கள். அளவுக்கோடுகள் கொண்ட குழாயான பியூரெட்டிலிருந்து விழும் ஒரு துளி ஏறத்தாழ 0.05 மில்லிலிட்டர். பினால்ப்தலீன் என்ற நிறங்காட்டி கலந்த அமிலத்தில் காரம் விழும் இடத்தில் இளஞ்சிவப்பு தோன்றி, குடுவையைச் சுழற்றியதும் மறையும். அது மறையத் தாமதமாகும்போது துளித்துளியாக விட வேண்டும். இறுதியில் முனையில் தொங்கும் அரைத் துளியைக் குடுவையின் உட்சுவரில் தொட்டு, வாலை வடிநீரால் கழுவி இறக்க வேண்டும். நிறம் அடர்ந்துவிட்டால் எல்லை தாண்டிவிட்டது என்று பொருள். 20 மில்லிலிட்டரில் ஒரு துளி கூடினால் 0.25 சதவீதப் பிழை. அந்தப் பிழை இறுதி விடையில் எந்த இலக்கத்தைத் தொடும் என்று கணக்கிடுவதும் பாடத்தின் பகுதியே.

தயாரிப்புச் சோதனைகளில் ஆஸ்பிரின் பழைமையானது, ஆனாலும் நல்லது. 2 கிராம் சாலிசிலிக் அமிலத்தை அசெட்டிக் அன்ஹைட்ரைடுடன் வினைப்படுத்தினால், கணக்கின்படி 2.6 கிராம் கிடைக்க வேண்டும். மறுபடிகமாக்கி உலர்த்தி நிறுத்தால் அதைவிடக் குறைவாகவே இருக்கும். மீதி எங்கே போயிற்று என்று எழுதச் சொல்வார்கள். ஃபெரிக் குளோரைடு கரைசல் ஒரு சொட்டு விட்டு ஊதா நிறம் வந்தால், வினைபுரியாத சாலிசிலிக் அமிலம் இன்னும் கலந்திருக்கிறது. எதிர்பார்த்ததைவிட அதிக எடை கிடைத்துவிட்டதென்று மகிழும் மாணவர், பெரும்பாலும் படிகங்களைச் சரியாக உலர்த்தியிருக்க மாட்டார்.

கேள்வி: கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறின் வடிவத்தை எப்படி உறுதியாகச் சொல்கிறார்கள்? அதைப் பட்டப்படிப்பில் கற்பிப்பார்களா?

பதில்: நிறமாலையியல் என்ற பெயரில் கற்பிப்பார்கள். எத்தனாலுக்கும் டைமெத்தில் ஈதருக்கும் மூலக்கூறு வாய்பாடு ஒன்றே. மூலக்கூறு நிறை இரண்டுக்கும் 46. அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு நிறமாலையில் எத்தனாலின் ஹைட்ரஜன்கள் மூன்று தொகுதிகளாக, 3:2:1 என்ற பரப்பு விகிதத்தில் தோன்றும்; ஈதரின் ஆறு ஹைட்ரஜன்களும் ஒரே சூழலில் இருப்பதால் ஒரே குறிதான் காட்டும். அகச்சிவப்பு நிறமாலையில் எத்தனாலின் ஹைட்ராக்சில் தொகுதி அகன்ற பட்டையாகத் தெரியும். ஈதரில் அது இராது. இத்தகைய புதிர்களை அவிழ்ப்பதில்தான் மாணவர்கள் பலருக்கு இந்தப் படிப்பின்மேல் உண்மையான பற்று ஏற்படுகிறது.

கேள்வி: வேதிப் பொறியியலும் இதுவும் ஒன்றுதானா?

பதில்: இல்லை. வேதியியலர் புதிய மூலக்கூறை உருவாக்குவது, அது ஏன் உருவாகிறது என்று அறிவது ஆகியவற்றில் நிற்கிறார். பொறியாளர் அதைப் பெருமளவில், பாதுகாப்பாக, கட்டுப்படியான செலவில் செய்யும் வழியைத் தேடுகிறார். 100 மில்லிலிட்டர் குடுவையில் நடக்கும் வெப்பம் உமிழ் வினையை அதே வடிவமுள்ள 1,000 லிட்டர் கலனுக்கு மாற்றினால் கொள்ளளவு 10,000 மடங்கு கூடும். வெப்பம் வெளியேற உதவும் மேற்பரப்போ ஏறத்தாழ 460 மடங்குதான் கூடும். குடுவையில் தானாகவே தணிந்த வெப்பம் கலனில் தணியாது. அந்த வெப்பத்தை எப்படி வெளியேற்றுவது என்பது பொறியியல் மாணவரின் பாடம்.

கேள்வி: வகுப்புகள் தொடங்க இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. எதைப் படித்துவைக்கலாம்?

பதில்: கல்லூரிப் பாடநூலை இப்போதே வாங்கிப் படிக்கத் தேவையில்லை. மோல் கணக்குகளைத் தயக்கமின்றிச் செய்யும் அளவுக்குப் பழகிக்கொள்ளுங்கள். மடக்கை, அடுக்குக்குறி, எளிய வகையிடல் ஆகியவற்றைத் திருப்பிப் பாருங்கள். விடையோடு அலகையும் எழுதும் பழக்கம் இல்லையென்றால் அதை இந்த வாரங்களிலேயே ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.