எந்த மெட்டுக்கு எந்தக் குரல்: பழைய இந்திப் பாடல்கள் பற்றிச் சில கேள்விகள்

இந்தித் திரையிசையில் 1940-களின் கடைசியிலிருந்து 70-கள் வரை ஒவ்வொரு இசையமைப்பாளரும் ஏன் சில குரல்களையே திரும்பத் திரும்பத் தேடிப் போனார்கள்? நண்பர்கள் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: சார், இசையமைப்பாளர் ஓ.பி. நய்யார் லதா மங்கேஷ்கரை ஒரு பாட்டுக்குக்கூட அழைத்ததில்லை என்கிறார்களே, நிஜமா? அப்படி என்ன சண்டை?

நிஜம்தான். 1952-ல் 'ஆஸ்மான்' படத்தில் தொடங்கிக் கடைசி வரை அவர் இசையில் லதா பாடவே இல்லை. சண்டையைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்வார்கள். எனக்கு அவருடைய மெட்டுகளே விடையாகத் தெரிகின்றன. 'நயா தௌர்' (1957) படத்தில் முகமது ரஃபியும் லதாவின் தங்கை ஆஷா போஸ்லேயும் பாடும் 'மாங் கே ஸாத் தும்ஹாரா'வைக் கேளுங்கள். குதிரைவண்டியின் குளம்புச் சத்தம்தான் அதன் தாளம். வண்டி குலுங்குவதோடு சேர்ந்து ஆஷாவின் குரலும் குலுங்கும். லதாவின் குரலோ இழை அறாமல் நீளும் பட்டு நூல். நய்யாருக்கு வேண்டியது மூச்சும் குறும்பும் தெரிகிற, கொஞ்சம் கனமான குரல்.

அதனால்தான் 'ஆர் பார்' (1954) படத்தின் 'பாபுஜி தீரே சல்னா' கீதா தத்திடம் போனது. ஷம்ஷாத் பேகத்தின் வெண்கல மணிக் குரலை அவர் கடைசி வரை கைவிடவில்லை. மற்றவர்கள் ஷம்ஷாதை ஏறக்குறைய மறந்துவிட்ட 1968-ல், 'கிஸ்மத்' படத்தில் 'கஜ்ரா மொஹப்பத் வாலா' பாட வைத்தார். பெண் வேடம் போட்ட பிஸ்வஜித்துக்கு ஷம்ஷாத், பபிதாவுக்கு ஆஷா! அந்தக் கனத்த குரல் இல்லாவிட்டால் அந்தக் காட்சியே நிற்காது.

கேள்வி: ராஜ் கபூர் என்றால் முகேஷ், ஷம்மி கபூர் என்றால் ரஃபி. அப்படியானால் குரலை முடிவு செய்தது கதாநாயகன்தானே, இசையமைப்பாளர் இல்லையே?

பாதிதான் சரி. நாயகனுக்கு ஒரு குரல் ஒட்டிக்கொண்டால் ரசிகர்கள் அதையே எதிர்பார்ப்பார்கள், தயாரிப்பாளரும் அதையே கேட்பார். ஆனால் 1949-ல் வந்த 'அந்தாஸ்' படத்தைப் பாருங்கள். திலீப் குமார் பியானோ முன் உட்கார்ந்து பாடுவது முகேஷ் குரலில், ராஜ் கபூர் பாடுவது ரஃபி குரலில். இசை நௌஷாத். அதே ஆண்டு 'பர்ஸாத்' படத்தில் இசை இரட்டையர் ஷங்கர்-ஜெய்கிஷன் ராஜ் கபூருக்கு முகேஷைக் கொடுத்தார்கள். அந்த ஜோடி நிலைத்துவிட்டது. அப்படி நிலைத்த பிறகும் 'ஸ்ரீ 420' (1955) படத்தின் மழைப் பாட்டு 'ப்யார் ஹுவா இக்ரார் ஹுவா'வுக்கு அவர்கள் மன்னா டேயைத்தான் அழைத்தார்கள். ராஜ் கபூர் படம்தான், ராஜ் கபூர்தான் குடைக்குள் நிற்கிறார். ஆனாலும் அந்த மெட்டுக்கு மன்னா டே வேண்டியிருந்தது.

எனக்கு இதில் மிகவும் பிடித்த உதாரணம் 'ப்யாஸா' (1957). எஸ்.டி. பர்மன் அதில் கவிஞனாக நடித்த குரு தத்துக்கு ரஃபி குரலைப் பயன்படுத்தினார். 'யே துனியா அகர் மில் பீ ஜாயே' என்று அந்தக் கவிஞன் உலகத்தையே உதறும்போது ஒலிப்பது ரஃபி. ஆனால் பதிப்பாளர் வீட்டு விருந்தில், புத்தக அலமாரியில் சாய்ந்தபடி 'ஜானே வோ கைஸே' பாடுகிறானே, அது ஹேமந்த் குமார். ஒரே படம், ஒரே நடிகர், இரண்டு குரல்கள். காரணம் கேட்டவுடனே புரியும். ரஃபி பாடியிருந்தால் அந்த வலி வெளியே வந்து கூரையை எட்டியிருக்கும். அந்த இடத்தில் அவன் தனக்குள் பேசிக்கொள்கிறான், கூட்டத்தில் யாருக்கும் கேட்க வேண்டியதில்லை. ஹேமந்தின் குரல் தாழ்ந்து, மூச்சோடு கலந்து வருகிறது. குரலைத் தேர்ந்தெடுப்பது மெட்டுப் போடுவதில் பாதி வேலை என்று நான் நம்புவது இந்தப் பாட்டால்தான்.

இன்னொன்று, 'ஆனந்த்' (1971). ராஜேஷ் கன்னாவுக்கு கிஷோர் குமார்தான் என்று நாடே பழகிவிட்ட நேரம். அந்தப் படத்தில் சலீல் சௌத்ரி முகேஷையும் மன்னா டேயையும் பாட வைத்தார். கிஷோருக்கு ஒரு பாட்டுகூட இல்லை.

கேள்வி: லதாவும் ரஃபியும் சில ஆண்டுகள் சேர்ந்து பாடவில்லையாமே?

ஆமாம், 60-களின் நடுவில். பாடகர்களுக்கு ராயல்டி, அதாவது பாட்டு விற்பனையில் பங்கு, வேண்டும் என்று லதா கேட்டார். சம்பளம் வாங்கியதோடு நம் உரிமை முடிந்தது என்றார் ரஃபி. 1967 வாக்கில் சமாதானம் ஆனது. இடையில் டூயட்டுகள் சுமன் கல்யாண்பூருக்குப் போயின. 'நா நா கர்தே ப்யார்' கேட்டு லதா என்று நினைத்திருந்தீர்களானால், அது சுமன்தான்.

கேள்வி: மதன் மோகன் என்றால் லதா மட்டும்தானா அண்ணா?

முதலிடம் லதாவுக்குத்தான். 'அன்பட்' (1962), 'வோ கௌன் தீ' (1964) இரண்டும் போதும் சாட்சிக்கு. ஆனால் 'ஜஹான் ஆரா' (1964) படத்துக்காக மதன் மோகனைத் தனியே வணங்க வேண்டும். தலத் மஹ்மூதின் காலம் முடிந்துவிட்டதென்று எல்லோரும் ஒதுக்கிய சமயம். மதன் மோகன் பிடிவாதமாக அவரை அழைத்து 'ஃபிர் வஹீ ஷாம்' பாட வைத்தார். தலத்தின் குரலில் ஒரு மெல்லிய நடுக்கம் உண்டு. கஸல் என்னும் உருதுக் கவிதைப் பாட்டின் ஈற்றுச் சொல்லில் அந்த நடுக்கம் வந்து நிற்கும்போது, அணையப் போகும் விளக்குத் திரி கண்முன் வரும். அதைக் குறை என்று சொன்னவர்களும் இருந்தார்கள். மதன் மோகன் அதற்காகவே அவரைக் கூப்பிட்டார்.

கேள்வி: நம்மூர்ப் பெண்கள் யாராவது இந்தப் பட்டியலில் உண்டா ஐயா?

இருவரைச் சொல்வேன். தமிழ்க் குடும்பத்துப் பெண்ணான ஷாரதாவை ஷங்கர்-ஜெய்கிஷன் ஜோடியின் ஷங்கர் தூக்கிப் பிடித்தார். 'சூரஜ்' (1966) படத்தின் 'தித்லி உடீ' ஊரெங்கும் ஒலித்தது. அவர் குரல் கொஞ்சம் சிறுபிள்ளைத்தனமானது. எல்லா மெட்டுக்கும் அது பொருந்தாது, அந்தப் பாட்டுக்குப் பொருந்தியது. இன்னொருவர் வேலூரில் பிறந்த வாணி ஜெயராம். வசந்த் தேசாய் 'குட்டி' (1971) படத்தில் 'போலே ரே பபீஹரா' கொடுத்தார். பிறகு 'மீரா' (1979) படத்துக்கு பண்டிட் ரவிசங்கர் அவரைத்தான் தேர்ந்தெடுத்தார்.

கேள்வி: எஸ்.டி. பர்மன் லதாவை விட்டு ஆஷாவிடம் போனது ஏன்? என் அம்மாவுக்கு இந்தி தெரியாது. இந்த வித்தியாசத்தை அவருக்கு எந்தப் பாட்டை வைத்துக் காட்டலாம்?

1957 வாக்கில் பர்மனுக்கும் லதாவுக்கும் மனத்தாங்கல், ஐந்தாண்டு பேச்சில்லை. அதில் ஆஷாவுக்கு 'காலா பானி', 'சுஜாதா' என்று அருமையான பாட்டுகள் கிடைத்தன. சமாதானமான பிறகு 'பந்தினி'யில் (1963) லதா பாடினார். அம்மாவுக்கு அந்தப் படத்தையே வையுங்கள். லதாவின் 'மோரா கோரா அங்' இரவில் தயங்கித் தயங்கி வெளியே வரும் பெண்ணின் பாட்டு. ஆஷாவின் 'அப் கே பரஸ்' சிறையில் மாவரைக்கும் பெண்ணின் பாட்டு, பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போக அண்ணனை அனுப்பச் சொல்லி அப்பாவைக் கேட்கிறாள். அக்காவுக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுத்திருக்கிறார் பர்மன். அர்த்தம் சொல்லாமல் இரண்டையும் அடுத்தடுத்துப் போடுங்கள். முதலில் பாடுகிறவளுக்கு என்ன வயது, இரண்டாவதில் பாடுகிறவளுக்கு என்ன துக்கம் என்று அம்மாவிடமே கேளுங்கள்.