பர்கூர் மாடும் வளர்ப்போர் உரிமையும்: கேள்வி பதில்

கேள்வி: பர்கூர் இனம் கர்னாலில் பதிவாகிவிட்டது. இனி உரிமை வளர்ப்போருக்குத்தானே?

பதில்: இல்லை. கர்னாலிலுள்ள தேசிய கால்நடை மரபு வளப் பணியகத்தின் பதிவேடு இனத்தின் இயல்பையும் வாழிடத்தையும் சான்றளிக்கிறதே ஒழிய, அதை உருவாக்கிக் காத்துவரும் ஈரோடு மாவட்டப் பர்கூர் மலை லிங்காயத்துகளுக்குச் சட்ட உரிமை எதையும் தருவதில்லை. விதையைச் சேமிக்கவும் பகிரவும் உழவருக்கு 2001ஆம் ஆண்டுப் பயிர் வகைகள், உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 39ஆம் பிரிவு உண்டு. கால்நடைக்கு அத்தகைய சட்டம் இல்லை. 2007இல் சுவிட்சர்லாந்தின் இன்டர்லாகனில் நாடுகள் ஏற்ற, கால்நடை மரபு வளங்களுக்கான உலகச் செயல்திட்டமும் யாரையும் கட்டுப்படுத்தாது.

கேள்வி: எங்கள் காளைக்குக் காப்புரிமை பெறலாமா?

பதில்: முடியாது. காப்புரிமைச் சட்டத்தின் 3(ஜே) பிரிவு விலங்குகளை விலக்குகிறது.

கேள்வி: ஆய்வுக்கு இரத்த மாதிரி கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: எதற்காக, எங்கே வைப்பார்கள், வேறு யாருக்குத் தருவார்கள் என்று எழுதி வாங்காமல் கொடுக்காதீர்கள். வெளிநாட்டவர் என்றால் 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி, சென்னையிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். ஆணையம் உள்ளூர்ப் பல்லுயிர் மேலாண்மைக் குழுவைக் கலந்தாக வேண்டும். ஆகவே உங்கள் மாடுகள் அந்தக் குழு பேணும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் இடம்பெறச் செய்யுங்கள்.

கேள்வி: பிரேசிலின் நெல்லோர் மாடுகள் நம் ஆந்திர ஓங்கோல் இனத்தின் வழி வந்தவையே. இழப்பீடு கேட்கலாமா?

பதில்: அவை 1960களின் தொடக்கத்துக்குள் சென்றுவிட்டன. மரபு வளங்கள் மீது அந்தந்த நாட்டின் உரிமையை ஏற்கும் உயிரியல் பன்மை உடன்படிக்கை 1993 இறுதியில்தான் நடைமுறைக்கு வந்தது. அது பின்னோக்கிப் பாயாது.

கேள்வி: உறைவிந்துக் குச்சிகள் சேமிப்பில் இருந்தால் போதாதா? காட்டில் மேய்ச்சல் எதற்கு?

பதில்: குச்சியில் மரபணு இருக்கும், தேர்வு இருக்காது. எந்தக் காளையை விடுவது, எதைக் காயடிப்பது என்பதைத் தலைமுறைகளாக முடிவு செய்தவர்கள் பட்டிக்காரர்கள். சரிவில் ஏற முடியாததும், காட்டுத் தீவனத்தில் தேறாததும் பட்டியில் நிலைப்பதில்லை. பால் சொற்பம், இரவில் பட்டியில் சேரும் சாணமும், அந்தியூர் குருநாதசுவாமி திருவிழாச் சந்தையில் விற்கும் கன்றுகளுமே வருமானம். தீவனம் விலைக்கு வாங்கினால் கட்டுப்படியாகாது, மாடு விற்கப்பட்டுவிடும். மேய்ச்சல் உரிமையே இங்கு மரபு வள உரிமை.

கேள்வி: பர்கூர் மலைக்காட்டில் 2024இல் தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயம் வந்துவிட்டது. புலிக் காட்டில் மாட்டை விடச் சொல்கிறீர்களா?

பதில்: 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் சரணாலயத்துக்கும் பொருந்தும் என்கிறேன். அதன் 3(1)(டி) பிரிவு மேய்ச்சலைச் சமூக உரிமையாகவே ஏற்கிறது. பழங்குடி அல்லாதோர் 75 ஆண்டு வாழ்வுத் தொடர்பை நிறுவ வேண்டும். பழைய மேய்ச்சல் ரசீதுகளையும் பெரியவர்களின் வாக்குமூலத்தையும் இப்போதே திரட்டிக் கிராம சபையில் மனு கொடுங்கள். எங்கே, எத்தனை மாடு என்பதை அந்தச் சபை வனத்துறையோடு பேசித் தீர்க்கலாம். உரிமையை முடிவு செய்யாமல் பட்டியை வெளியேற்றுவது சட்டமாகாது.

கேள்வி: மடிநோய்க்கு மருந்து?

பதில்: கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: பதிவான இனம் என்றால் உரிமை நமக்குத்தானே?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: ஆய்வுக்கு மாட்டின் வால் முடி நாலைந்துதான் கேட்கிறார்கள். அதற்குமா எழுத்து?

பதில்: அதற்கும்தான். முடி வேரிலிருந்தும் மரபணுவைப் பிரித்தெடுக்கலாம்.