பினாயில் தெளித்தும் குளியலறைக்குள் இரண்டு முறை பாம்பு வந்துவிட்டதே?

பினாயில், பூண்டு, கந்தகம் எதுவும் பாம்பைத் தடுக்காது, காசுதான் வீண். அடைக்க வேண்டியது வழியை.

இரண்டு முறையும் குளியலறையில்தான் பார்த்தீர்கள் என்பதால், என் சந்தேகம் கழிவுநீர்க் குழாய் மேல்தான். அதன் வெளிவாய் மூடியில்லாமல் இருக்கும், அங்கே ஈரத்துக்குத் தவளை ஒதுங்கும், அதைத் தேடிப் பாம்பு வரும். குழாய் வாயில் 6 மில்லிமீட்டர் கண்ணுள்ள துருப்பிடிக்காத கம்பிவலையை இறுக்கிக் கட்டுங்கள். பிளாஸ்டிக் வலை வேண்டாம்: எலி கடித்துவிடும், பாம்பும் சிக்கிக்கொள்ளும். வலையில் முடி சேர்ந்தால் தண்ணீர் தேங்கும், வாரம் ஒருமுறை தட்டிவிடுங்கள். கதவின் அடி இடுக்கில் சுண்டுவிரல் நுழைந்தால் அதற்கும் ரப்பர் பட்டை தேவை.

வழி அதுதானா என்று பார்க்க, மாலையில் குழாய் வாயருகிலும் வாசற்படியிலும் சலித்த சாம்பலை மெல்லத் தூவுங்கள். காலையில் வழவழப்பான வளைகோடு இருந்தால் பாம்பு; சிறு கால் தடங்கள் என்றால் எலி (அதுவும் பாம்புக்கு அழைப்புதான்).

ஒன்று கவனியுங்கள்: பாம்பு குழாய்க்குள் இருக்கும்போது அடைத்துவிட்டால் அது வீட்டுக்குள்தான் வெளிவரும். தடம் வெளியே போனது உறுதியான பிறகே அடையுங்கள். விஷமில்லாதது என்று தோன்றினாலும் பொந்துக்குள் கைவிடாதீர்கள்.