முயலை மருத்துவரிடம் கொண்டு செல்லும்போது அதன் அச்சத்தைக் குறைப்பது எப்படி?

காட்பாடியிலிருந்து வேலூருக்கு ஆட்டோவில் ஏற்றும்போதே முயல் ஒடுங்கிவிடுகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். முயல் பிற விலங்குகளுக்கு இரையாகும் இனம் என்பதால், அது கண் விரிய அசையாமல் உட்கார்ந்திருப்பதை அமைதி என்று எண்ணிவிடக் கூடாது. அச்சம் மிகுந்தாலும் அப்படித்தான் உறைந்துபோகும். கூடையைப் புறப்படும் நாளில் மட்டும் எடுக்காமல், ஒரு வாரம் முன்பே வீட்டில் திறந்து வைத்து, அது படுத்துப் பழகிய துண்டை விரித்து, கொஞ்சம் கொத்தமல்லித் தழையும் போட்டு வைத்தால், தானாகவே நுழைந்து பழகிக்கொள்ளும்.

நண்பகல் பயணம் வேண்டவே வேண்டாம். 30 டிகிரியைத் தாண்டினாலே முயலுக்குத் திண்டாட்டம். வேலூர்க் கோடையோ 40-ஐத் தாண்டுவது. காலையில் முதல் ஆளாகப் போய், நாய்களிடமிருந்து தள்ளி அமர்ந்து, கூடையை மடியில் வைத்துக் காற்றுப் புகும்படி மெல்லிய துணியால் மூடுங்கள்.

தூக்கும்போது ஒரு கை மார்புக்கு அடியிலும் மறு கை பின்னங்கால்களைத் தாங்கியும் இருக்க வேண்டும். துள்ளி உதைத்தால் அதன் முதுகெலும்பே முறியக்கூடும். காதைப் பிடித்துத் தூக்குவது, எத்தனை பேர் செய்தாலும், கொடுமைதான். முயலால் வாந்தி எடுக்க முடியாது என்பதால், பட்டினி போட்டு அழைத்துச் செல்லவும் தேவையில்லை. வீடு திரும்பிய பின் 12 மணி நேரம் எதுவும் தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால், காத்திராமல் மீண்டும் மருத்துவரிடம் காட்டுங்கள்.