திமிங்கலத்தின் சொந்தக்காரர்கள்

வணக்கம் ஐயா,

திமிங்கலத்துக்கு இன்றுள்ள விலங்குகளில் மிக நெருங்கிய சொந்தம் நீர்யானை என்று எழுதியிருந்தீர்கள். அண்மையில் திருவனந்தபுரம் மிருகக்காட்சி சாலையில் நீர்யானையைப் பார்த்துக்கொண்டிருந்த என் மகன், “இது கடலுக்குப் போய்த்தான் திமிங்கலம் ஆனதா?” என்று கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எனக்கும் ஒரு சந்தேகம். கடல்பசுவும் பால் கொடுக்கிறது, அதன் வாலும் திமிங்கலக் குலத்து ஓங்கலின் (டால்பின்) வாலைப் போலப் படுக்கையாக இருக்கிறது. அதை விட்டுவிட்டு நீர்யானையை எதற்காகச் சொந்தம் கொண்டாட வேண்டும்?

ஜெசிந்தா, நீரோடி

அன்புள்ள ஜெசிந்தா,

மகனிடம் “இல்லை” என்று தயங்காமல் சொல்லுங்கள். மிகப் பழைய திமிங்கலப் புதைபடிவங்களுக்கு வயது சுமார் 5 கோடி ஆண்டுகள். நீர்யானைக் குடும்பம் ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் தலைகாட்டுகிறது. பிந்திப் பிறந்தது முந்தியதைப் பெற முடியாது. இரண்டுக்கும் பொதுவான முன்னோர் ஒன்று இருந்தது, அவ்வளவுதான். ஆடு, மாடு, மான், பன்றி, ஒட்டகம் எல்லாம் அடங்கிய இரட்டைக் குளம்பிகளின் கூட்டத்தைச் சேர்ந்தது அது.

உங்கள் சந்தேகம் மகனுடையதைவிடக் கடினமானது. வலையில் சிக்கிய ஓங்கலைப் பார்த்தவர்கள் உங்கள் ஊரில் இருப்பார்கள். சுறாவின் வால் செங்குத்தாக நின்று பக்கவாட்டில் அடிக்கும். ஓங்கலின் வால் மேலும் கீழும் அடிக்கும். பாய்ந்தோடும் நாயின் முதுகைப் பாருங்கள், அதுவும் மேலும் கீழும்தான் வளையும். நிலத்தில் ஓடிய காலத்து வளைவை ஓங்கல் கடலிலும் விடவில்லை. கடல்பசுவும் நிலத்திலிருந்து போன பாலூட்டிதான், ஆனால் வேறு வழியாகத் தனியே போனது. அதற்கு நெருங்கிய சொந்தம் யானை. ஆகவே வாலின் ஒற்றுமை செய்யும் வேலையால் வந்தது, பிறப்பால் வந்ததன்று. நீரில் வாழும் விலங்கின் புறத்தோற்றத்தை வைத்து உறவு சொல்வதில் எனக்கு நம்பிக்கையே இல்லை. டார்வினே 1859-இல், வாயைத் திறந்தபடி நீந்திப் பூச்சி பிடிக்கும் கரடியிலிருந்து திமிங்கலம் போன்ற ஒன்று உருவாகலாம் என்று எழுதிக் கேலிக்கு ஆளானார். அடுத்த பதிப்பில் அதைச் சுருக்கிவிட்டார்.

எலும்புகளில் எனக்கு நம்பிக்கை உண்டு, அதிலும் சின்ன எலும்புகளில். ஆட்டின் பின்னங்கால் கணுவில் இரு முனையிலும் கப்பி போலக் குழிந்த ஓர் எலும்பு இருக்கிறது. இரட்டைக் குளம்பிகளுக்கே உரிய அமைப்பு அது. பாகிஸ்தானில் கிடைத்த, கால்கள் உள்ள பழந்திமிங்கலங்களிலும் அதே எலும்பு இருப்பது 2001-இல் தெரிந்தது. நீர்யானைதான் நெருக்கம் என்பதை மரபணு ஆய்வுகள் அதற்கு முன்பே, 1990-களில் காட்டிவிட்டன.

இதில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. நிலவியலாளர் ரங்கா ராவ், ஜம்முவின் காலாகோட் பகுதியில் கிடைத்த சில பற்களையும் தாடைத் துண்டுகளையும் வைத்து, 1971-இல் இந்தோஹையஸ் என்று ஒரு விலங்குக்குப் பெயரிட்டார். அவர் சேகரித்த மற்றப் பாறைகள் உடைக்கப்படாமல் வீட்டிலேயே கிடந்தன. அவர் மறைந்த பின், அவருடைய மனைவி அவற்றை ஹான்ஸ் தெவிஸன் என்ற ஆய்வாளரிடம் கொடுத்தார். மண்டையோடு ஒன்றைச் சுத்தம் செய்துகொண்டிருந்த உதவியாளர் கைதவறிக் காதெலும்பை உடைத்துவிட்டார். உடைந்த இடத்தில் எலும்பின் உட்புறச் சுவர் தடித்திருந்தது. காதில் அப்படியொரு தடிப்பு திமிங்கலக் குலத்துக்கு மட்டுமே உண்டு என்று அதுவரை கருதியிருந்தார்கள். 2007-இல் இது வெளியானபோது, திமிங்கலங்களுக்கு மிக நெருங்கிய அழிந்துபோன உறவாக இந்தோஹையஸ் இடம்பிடித்தது.

அளவில் அது ஏறத்தாழ நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் சருகுமான்தான். மலையாளத்தில் கூரமான் என்பார்கள். குளம்புகள் உண்டு, கால்கள் ஒல்லி. ஆனால் கால் எலும்புகளின் சுவர் மிகத் தடிமன். ஆழமில்லாத நீரில் மிதந்துவிடாமல் அடியில் கால் ஊன்றி நடக்க அந்தக் கனம் உதவும். சருகுமானின் ஆப்பிரிக்கச் சொந்தம் ஒன்று இன்றும் ஆபத்து வந்தால் ஓடைக்குள் குதித்து மூழ்கி ஒளிகிறது. இந்தோஹையஸும் அப்படித்தான் நீரை நாடியிருக்கும் என்பது தெவிஸன் குழுவின் கருத்து, எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. முதலில் நீர் ஒளிவிடமாக இருந்தது. மீனுக்காக அதில் இறங்கியவை பிறகு வந்த திமிங்கலங்கள்.