நச்சு மண் அள்ளும் டிரெய்லர்: பழையதை மாற்றுவதா, புதிதாகக் கட்டுவதா?

கேள்வி: மூடப்பட்ட இரசாயன ஆலை வளாகம் ஒன்றில் நச்சேறிய மண்ணையும், குழிகளில் தேங்கிய சேற்றையும் அகற்றும் பணியை ஏற்றிருக்கிறோம். எங்களிடம் உள்ள பழைய சரக்கு டிரெய்லரை வலுப்படுத்திப் பயன்படுத்தலாமா?

பதில்: வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. சுமை தாங்குமா என்பதைவிட, வேலை முடிந்தபின் அதைச் சுத்தம் செய்ய முடியுமா என்பதுதான் இங்கே பெரிய கேள்வி. பழைய டிரெய்லரின் மரப்பலகைத் தளம் நச்சை உறிஞ்சிக்கொள்ளும். விட்டுவிட்டுப் போட்ட வெல்டிங் இடைவெளிகளிலும் சேனல் எனப்படும் ‘ப’ வடிவ எஃகுச் சட்டங்களின் மடிப்புகளிலும் சேறு புகுந்தால் உயரழுத்த நீராலும் அதை முழுமையாக வெளியேற்ற இயலாது. அப்படிப்பட்ட வண்டி வளாகத்தைவிட்டு வெளியேற அனுமதி பெறாமல், தானே அகற்ற வேண்டிய கழிவாகிவிடும். ஆகவே புதிதாகக் கட்டும் டிரெய்லரின் வரைபடத்தில் எல்லா இணைப்புகளுக்கும் இடைவெளியற்ற வெல்டிங், வளைவான உள்மூலைகள், வடிகுழாயை நோக்கிச் சரிந்த தளம் ஆகியவற்றை முதலிலேயே கேளுங்கள்.

அடுத்தது சேற்றின் இயல்பு. ஈரமான களிமண் கன மீட்டருக்கு ஏறத்தாழ 1.8 முதல் 2 டன் வரை எடையுள்ளது. உதிரியான உலர்மண்ணைக் கணக்கில் வைத்துப் பெட்டியின் கொள்ளளவைத் தீர்மானித்தால், பெட்டி நிரம்பும் முன்பே ஆக்சில்கள் (சக்கர அச்சுகள்) மீதான சுமை வரம்பைத் தாண்டிவிடும். அதைவிட ஆபத்தானது, ஏற்றும்போது கெட்டியாகத் தோன்றும் சேறு ஓட்டத்தின் அதிர்வில் இளகி, வளைவில் ஒரு பக்கமாகச் சாய்ந்து வண்டியையே கவிழ்த்துவிடக்கூடும் என்பது. உள்ளே தடுப்புத் தகடுகள் வைத்தால் இந்த அலைவு குறையும், ஆனால் கழுவுவது கடினமாகும். அதனால் ஒரே பெரிய பெட்டிக்குப் பதிலாக, இறுக்கமான மூடியும் இரப்பர் அடைப்பும் கொண்ட, கழற்றி இறக்கக்கூடிய சிறு பெட்டிகள் பலவற்றையே நான் பரிந்துரைப்பேன். அவற்றை வெளிப்புறம் கழுவி ஏற்றினால் சேசிஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) நச்சு படியும் வாய்ப்பும் வெகுவாகக் குறையும்.

திரவக் கழிவுக் கலன்களையும் ஏற்றுவதாயின், அவற்றின் அடியில் கசிவைத் தாங்கும் தொட்டித்தளம் தேவை. மிகப்பெரிய கலனின் கொள்ளளவில் 110 சதவீதம் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு.

உலோகத் தேர்வில் பலர் அவசரப்படுகிறார்கள். துருப்பிடிக்காத எஃகு எதையும் தாங்கும் என்பது தவறான நம்பிக்கை. ஹைட்ரோகுளோரிக் அமிலம் துருப்பிடிக்காத எஃகின் பரவலான தரங்களான 304, 316 ஆகிய இரண்டையும் அரிக்கும், குளோரைடு மிகுந்த ஈரம் ஊசித்துளைகளை உண்டாக்கும். அத்தகைய இடத்தில், சாதாரண எஃகுப் பெட்டிக்கு உள்ளே பொருத்தமான இரப்பர் அல்லது பாலிஎத்திலீன் உறை இடுவதே மேல். எந்த உறை என்பதை மண் பரிசோதனை அறிக்கைதான் சொல்லும்; அது கைக்கு வராமல் எஃகு வாங்காதீர்கள். அறிக்கையில் எளிதில் தீப்பற்றும் கரைப்பான்கள் இருந்தால், நிலைமின்சாரப் பொறி எழாதபடி ஏற்றும் முன் வண்டியைப் புவியுடன் இணைக்க, பெயின்ட் பூசாத இணைப்பு முனை ஒன்றையும் சேசிஸில் அமைக்கச் சொல்லுங்கள்.