காலண்டர் பிசிறில் முதலை வரைந்த மகளின் தந்தைக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் கடிதமும், மகள் வரைந்தவற்றைப் படமெடுத்துத் தாங்கள் அனுப்பிய பதினாறு பக்கங்களும் கிடைத்தன. சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் 22 ஆண்டுகளாக இயந்திரம் ஓட்டிவரும் தாங்கள், பிளஸ் டூ வணிகவியல் படிக்கும் மகளை பி.காம். சேர்க்க எண்ணியிருந்த வேளையில், அவள் டிசைன் படிக்கப்போவதாகச் சொன்னது தங்களைக் கலங்கவைத்திருக்கிறது. காலண்டரில் கிறுக்குவதும் செல்போனில் மீம் போடுவதும் ஒரு படிப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்வியில் கோபத்தைவிடப் பயமே கூடுதலாகத் தெரிவதால், அந்தப் பயத்துக்குத்தான் இங்கே பதில் எழுதுகிறேன்.

பதினாறில் பதினைந்து படங்களை நான் விரைவாகவே புரட்டிவிட்டேன். நடிகர்களின் முகங்கள், மயில், கோயில் கோபுரம் எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் அந்த அளவுக்கு வரைகிற பிள்ளைகள் எந்தப் பள்ளியிலும் நாலைந்து பேர் இருப்பார்கள். கடைசிப் படத்தில்தான் நின்றுவிட்டேன். தினசரி காலண்டரில் தாளைக் கிழித்த பிறகு மேலே ஒட்டிக்கொண்டு நிற்கும் பிசிறை முதலையின் மேல்வரிசைப் பற்களாக வைத்து, அடியில் இருக்கும் அட்டையில் கீழ்த்தாடையை வரைந்திருக்கிறாள். இன்றைய தேதி முதலையின் வாய்க்குள் இருக்கிறது. நாளொன்று கழியக் கழியப் பற்கள் அடர்ந்துகொண்டே போகின்றன. கீழே விளக்கமாக ஒரு சொல்கூட அவள் எழுதவில்லை என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். வீட்டில் எல்லோரும் தினமும் கிழிக்கும் தாளில் மிஞ்சுவதை, எவரும் பொருளாகவே மதிக்காத ஒன்றை, அவள் கவனித்திருக்கிறாள்.

1942-இல் ஸ்பெயின் நாட்டு ஓவியர் பிகாசோ ஒரு பழைய சைக்கிளின் இருக்கையையும் கைப்பிடியையும் சேர்த்துக் காளையின் தலையாக்கினார். அதில் செதுக்கியது என்று சொல்ல எதுவுமில்லை. இரண்டு பொருள்களை எந்தக் கோணத்தில் சேர்த்து வைப்பது என்ற முடிவு மட்டுமே இருக்கிறது. தங்கள் மகளைப் பிகாசோவோடு ஒப்பிடுவதாக நினைத்துவிட வேண்டாம். அந்தத் தவறைச் செய்யும் ஆலோசகர்களால் கெட்டுப்போன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். இத்தகைய கண் ஒரு தொழிலுக்குரிய மூலதனம், அது கைத்திறனிலிருந்து வேறானது என்பதற்காக மட்டுமே சொல்கிறேன்.

ஆனால் அந்தக் கண் மட்டும் போதாது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். நமது ரூபாய்க் குறியீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தேவநாகரி 'ர'வையும் செங்குத்துக் கோடு (தண்டு) இல்லாத ரோமன் 'ஆர்' எழுத்தையும் ஒன்றாக்கிய அந்த வடிவத்தைப் பார்ப்பவர்கள், ஐந்து நிமிடத்தில் தோன்றிய யோசனை என்றே நினைப்பார்கள். அதை வடிவமைத்த உதயகுமார் சென்னையில் கட்டடக்கலை படித்து, பின்னர் மும்பை ஐ.ஐ.டி.யின் வடிவமைப்புப் பள்ளியில் முதுநிலையும் முடித்து, அங்கேயே தமிழ் எழுத்துருக்கள் குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்தவர். 2010 ஜூலை 15 அன்று மத்திய அமைச்சரவை அந்தக் குறியீட்டை ஏற்றுக்கொண்டது. எழுத்தின் எந்தக் கோட்டை எடுத்த பிறகும் அந்த எழுத்தை அடையாளம் காணமுடியும் என்று ஆண்டுக்கணக்கில் பார்த்துப் பழகிய ஒருவருக்குத்தான் அந்தத் தண்டை நீக்கும் துணிவு வரும் என்பது என் கருத்து.

எதை விடுவது என்பதிலேயே முழுத் திறமையும் அடங்கிய இன்னொரு வேலையைச் சொல்கிறேன். லண்டன் நிலத்தடி ரயிலின் வரைபடம் ஊரின் உண்மையான தூரங்களையும் வளைவுகளையும் காட்ட முயன்று, நடுவில் நெரிசலும் ஓரங்களில் வெறுமையுமாக இருந்த காலத்தில், அங்கே மின்சுற்று வரைவாளராகப் பணியாற்றிய ஹாரி பெக், 1931-இல் எல்லாத் தடங்களையும் நேர்க்கோடுகளாகவும் 45 பாகைச் சாய்வுகளாகவும் மாற்றி வரைந்தார். சுரங்கத்தில் போகிற பயணிக்கு மேலே எந்தத் தெரு இருக்கிறது என்பது வேண்டாம். அடுத்த நிலையம் எது, எங்கே வண்டி மாறுவது என்பது மட்டும் போதும் என்று அவர் கண்டுகொண்டார். நிர்வாகம் முதலில் மறுத்துவிட்டது. 1933-இல் சோதனையாக அச்சிட்டபோது மக்கள் உடனே ஏற்றுக்கொண்டார்கள். இன்று சென்னை மெட்ரோ நிலையத்தில் நாம் பார்க்கும் தட வரைபடமும் அந்த வழியில் வந்ததுதான். பெக் ஓவியர் இல்லை என்பதைத் தங்கள் மகள் அறிந்துகொள்வது நல்லது. நடிகர் முகத்தை அச்சு அசலாக வரையத் தெரியாவிட்டால் இந்தத் துறைக்கு லாயக்கில்லை என்று அவள் நினைத்துக்கொண்டிருப்பதாகத் தாங்கள் எழுதியிருக்கிறீர்கள்.

இனி படிப்பைப் பற்றி. வணிகவியல் படித்தால் டிசைன் கிடையாது என்று யாரோ தங்களிடம் சொன்னது தவறு. டிசைன் இளநிலைப் படிப்புக்கென மும்பை ஐ.ஐ.டி. நடத்தும் யூசீட் என்ற நுழைவுத் தேர்வைப் பிளஸ் டூவில் எந்தப் பிரிவு படிப்பவரும் எழுதலாம். வழக்கமாக ஜனவரியில் நடக்கும் அத்தேர்வுக்கு அதற்கு முந்தைய அக்டோபர் வாக்கிலேயே விண்ணப்பம் தொடங்கிவிடும். ஒருவர் இரண்டு முறைதான், அதுவும் அடுத்தடுத்த ஆண்டுகளில்தான் எழுதமுடியும். கணினியில் விடையளிக்கும் பகுதியும், தாளில் வரைந்து காட்டும் பகுதியும் உண்டு. அகமதாபாத்தில் 1961-இல் தொடங்கப்பட்ட தேசிய வடிவமைப்புக் கழகம், முதல்நிலை எழுத்துத் தேர்வுக்குப் பிறகு இரண்டாம் கட்டத்தில் மாணவரின் கையில் பொருள்களைக் கொடுத்துச் செய்துகாட்டச் சொல்கிறது. சென்னை தரமணியில் நிஃப்ட் எனப்படும் தேசிய ஆடை வடிவமைப்புக் கல்வி நிறுவனம் இருக்கிறது. துணி, உடை சார்ந்த நாட்டம் இருந்தால் மட்டும் அதைப் பார்க்கலாம்.

இவற்றின் கட்டணம் லட்சங்களில் போகும் என்பதால், தங்கள் வருமானத்தை வைத்து நான் முதலில் எண்ணியது அரசு கவின்கலைக் கல்லூரியைத்தான். சென்னையில் 1850-இல் தொடங்கிய கல்லூரியிலும் கும்பகோணத்திலும் நான்காண்டு பி.எஃப்.ஏ. என்ற நுண்கலை இளநிலைப் படிப்பு உண்டு; அதில் காட்சிவழித் தகவல் வடிவமைப்பு என்ற பிரிவு தங்கள் மகளுக்குப் பொருந்தும். கட்டணம் மிகக் குறைவு. மற்றபடி, 'டிசைன்' என்று பலகை மாட்டிய தனியார் நிறுவனம் எதிலாவது முன்பணம் கேட்டால், பட்டம் தருவது எந்தப் பல்கலைக்கழகம், அது பல்கலைக்கழக மானியக் குழுவின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள்.

வேலை கிடைக்குமா என்ற கேள்விக்கு நேராகவே வருகிறேன். பொருள்களின் மேலுறை, செல்போன் செயலிகளின் திரை, விளையாட்டுப் பொருள், கண்காட்சி, தமிழ் எழுத்துரு என்று வேலைகள் பல இருக்கின்றன. கணினியே படம் போட்டுத் தருகிறதே என்று தாங்கள் கேட்டதும் நியாயமானது. சொன்னதைச் சொன்னபடி லேஅவுட் போட்டுக்கொடுக்கும் தொடக்கநிலை வேலைகளை அது குறைக்கும் என்றே நான் நினைக்கிறேன், அதை மறைத்துத் தங்களுக்கு ஆறுதல் சொல்ல விரும்பவில்லை. பிசிறைப் பல்லாகக் காண்பவருக்கு அதனால் வரும் நட்டம் குறைவு.

பணத்தைப் பற்றி ஒரு செய்தி அவளுக்குத் தெரிந்திருக்கவேண்டும். உலகமெங்கும் சட்டையிலும் பொத்தானிலும் சிரிக்கும் அந்த மஞ்சள் முகத்தை, 1963-இல் அமெரிக்காவின் வூஸ்டர் நகரத்து ஹார்வி பால் என்ற வரைகலைஞர், ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்காக வரைந்து கொடுத்துப் பெற்றது 45 டாலர். உரிமையை அவர் பதிவு செய்துகொள்ளவில்லை. நம் நாட்டிலும் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு இருந்து செய்யும் படைப்பின் உரிமை, மாற்று ஒப்பந்தம் எதுவும் இல்லாத பட்சத்தில் முதலாளிக்கே போகும். மகள் எங்கே முதல் வேலைக்குச் சேர்ந்தாலும், கையெழுத்திடும் தாளைத் தாங்கள் ஒருமுறை படித்துப்பாருங்கள்.

ஒரு தவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மாணவனை அவனுடைய மிக அழகான பன்னிரண்டு படங்களை மட்டும் சட்டமிட்டு நேர்காணலுக்கு அனுப்பிவைத்தேன். "இதற்கு முன் வரைந்து வேண்டாமென்று விட்டவை எங்கே?" என்று நேர்காணல் செய்தவர்கள் கேட்டிருக்கிறார்கள், அவனிடம் எதுவும் இல்லை, நான்தான் எறியச் சொல்லியிருந்தேன். அன்றிலிருந்து எந்தப் பிள்ளையிடமும் கிழித்த தாளையும் தேதியிட்டு வைக்கச் சொல்கிறேன்.

தங்களால் செய்யக்கூடியது, எந்தப் பயிற்சி மையத்தாலும் தரமுடியாதது ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நான்கைந்து முறை அவளை அச்சகத்துக்கு அழைத்துப்போய், ஒரே படம் வண்ணத்துக்கு ஒன்றாக நான்கு பிளேட்டுகளாகப் பிரிவதையும், தீப்பெட்டி லேபிள் அத்தனை சிறிய இடத்தில் தூரத்திலிருந்தே அடையாளம் தெரிவது எப்படி என்பதையும், வடிவத்துக்கேற்ற அச்சால் (டை) வெட்டும்போது அட்டை எங்கே வீணாகிறது என்பதையும் காட்டுங்கள். ஆடிப்பெருக்குக்கு வெளியாகும் அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பம் ஒன்றைக் கொடுத்து, எந்த மாதிரி அதிகம் விற்கும், ஏன் என்று எழுதச் சொல்லுங்கள். தாங்கள் 22 ஆண்டுகளாகப் பார்த்ததை வைத்து அவளோடு வாதாடுங்கள். பி.காம். விண்ணப்பத்தையும் போட்டு வையுங்கள், அதில் தவறில்லை.

சுவரில் இருக்கும் காலண்டரில் இன்னும் ஐந்து மாதத்துத் தாள்கள் மிச்சம் இருக்கும். மாதம் ஒருமுறை, ஒரே இடத்தில் நின்று, அந்த முதலையைப் படமெடுத்து வைக்கச் சொல்லுங்கள். டிசம்பர் 31 முடிந்ததும் அட்டையைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்; நேர்காணலுக்கு அவள் கொண்டுபோகவேண்டிய முதல் பொருள் அதுதான்.

அன்புடன்,
தங்கள் கல்வி ஆலோசகர்